பைலாப் பிரதி என்ற குற்றச்சாட்டு

ஈழத்தின் ஆரம்பகாலப் பொப் பாடல்கள் வெறும் பைலாப் பிரதி என்று புதுக்கடை நீதிமன்றச் சுற்றாடலில் தேநீருடன் வாதாடுவோர் அவ்விடத்து விதியை மறக்கிறார்கள்: குற்றம் சாட்டியவரே நிரூபிக்க வேண்டும்.

தாளம் பைலாதான். யார் மறுத்தது? ஆனால் பைலாவே போர்த்துக்கேய, ஆபிரிக்க வழி வந்த இரவல். அதைச் சிங்களத்தில் பிரபலமாக்கிய வொலி பஸ்ரியனையும் களவெடுத்தவர் என்பார்களா?

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யைக் கேட்கட்டும். மாமியிடம் மகளை விசாரிக்கும் இளைஞனும் அவனுக்கு வாய்கொடுக்கும் மாமியும் தனி யாழ்ப்பாணத்தார். அந்த நையாண்டி எந்தப் பைலாவில் இருந்ததாம்?

ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களத்தையும் தமிழையும் ஒரே மெட்டில் உட்காரவைத்தது. பெறுமதியில்லாத சரக்கென்றால், 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு இளையராஜா அதை ஏன் எடுத்தார்?

பின்னாளைய பொப் சலித்துவிட்டதென்றால் அதற்கு வேறு வழக்குப் போடலாம். இது தள்ளுபடி.