தட்டுற சத்தத்துக்கு டர்போவை மாத்துறது என்ன நியாயம்?

பத்து வருஷம் ஓடின டீசல் கார் ஒன்று "டக் டக்" என்று தட்ட ஆரம்பித்தால், நம்மூரில் அடுத்து நடப்பது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. வண்டிக்காரர் பட்டறையில் கொண்டு போய் நிறுத்துவார். மெக்கானிக் பானெட்டைத் தூக்குவார், ஆக்சிலரேட்டரை ரெண்டு தடவை மிதிக்கச் சொல்வார், தலையைச் சாய்த்துக் கேட்பார். அரை நிமிஷம்தான். "டர்போ போச்சுண்ணே" என்பார். இல்லாவிட்டால் "ராடு அடிக்குது, இன்ஜினை இறக்கணும்" என்பார். தீர்ப்பு வந்தாச்சு. சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது, அப்பீலும் கிடையாது. வண்டிக்காரர் வட்டிக்கு வாங்கியாவது பணத்தைக் கட்டுவார்.

இந்தச் சடங்கு தப்பு. அதுவும் பழைய டர்போ வண்டிகளில் ரொம்பவே தப்பு.

இது எத்தனை பேரைத் தொடும் விஷயம் என்று முதலில் பார்க்கலாம். 2007-ல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்தது. அதில் இருந்தது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி, நாலு சிலிண்டர், டர்போ வைத்த காமன் ரெயில் இன்ஜின். அதே இன்ஜின்தான் டிசையரில், ரிட்ஸில், டாடா இண்டிகா விஸ்டாவில், ஃபியட் புன்ட்டோவில் எல்லாம் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இன்றைக்கு ரோட்டில் பார்க்கிற மாருதி டீசல் ஒவ்வொன்றும் பழைய வண்டிதான். வாடகைக்கு ஓடி ஓடி, செகண்ட் ஹேண்டில் கை மாறி, இன்னமும் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுகிற வண்டிகள். அங்கே ஒரு தப்பான தீர்ப்பு என்பது ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "தட்டுது" என்பது நோயின் பெயர் இல்லை. "வயிறு வலிக்குது" என்பது மாதிரி வெறும் அறிகுறி. வயிற்று வலி என்று போனவனுக்கு ஸ்கேன்கூட எடுக்காமல் நேராக ஆபரேஷன் பண்ணினால் ஊர் சும்மா இருக்குமா? இன்ஜினுக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறது?

ஒரே மாதிரி தட்டுகிற சத்தம் எங்கிருந்தெல்லாம் வரலாம் தெரியுமா? கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று டீசலைச் சரியாகத் தெளிக்காமல் சொட்ட விடலாம். டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் புல்லி ஆடலாம். இன்ஜின் மவுண்ட் கிழிந்திருக்கலாம். சைலன்சர் மேலே இருக்கிற தகரம் ஒரு போல்ட் விட்டுப் போய் அடித்துக்கொண்டிருக்கலாம். முதலாவதுக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். கடைசிக்கு ஒரு போல்ட் போதும்.

இதில் டர்போ எங்கே வந்தது? டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுற்றுகிற சமாச்சாரம். அது கெட்டால் விசில் அடிக்கும், சைரன் மாதிரி ஊளையிடும், நீலப் புகை தள்ளும், இழுவை குறையும். மிஞ்சிப் போனால் அதன் வேஸ்ட்கேட் லிவர் தளர்ந்து தகரச் சத்தம் போடும். "டக் டக்" என்று கனமாகத் தட்டுவது அதன் சுபாவமே இல்லை. ஆனால் விலை அதிகமான உதிரி பாகம், பெயரும் எல்லாருக்கும் தெரியும். அதனால் பழி அதன் மேல் விழுகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. டர்போவுக்கும் க்ராங்க் பேரிங்குக்கும் உயிர் கொடுப்பது ஒரே ஆயில்தான். ஆயில் மாற்றாமல் ஓட்டி, கசடு சேர்ந்து, அடியில் இருக்கிற உறிஞ்சி வடிகட்டி அடைத்துப் போனால் ரெண்டுமே பட்டினி. அந்த அடைப்பைப் பார்க்காமல் புது டர்போ போட்டால் என்ன ஆகும்? புதுசும் அதே பட்டினியில் சாகும். வண்டிக்காரர் ரெண்டாவது முறையும் பணம் கட்டுவார். மெக்கானிக் "டூப்ளிகேட் பீஸ் போலிருக்கு" என்பார். வேலை முடிந்தது.

அப்படியென்றால் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரிசையாகச் சந்தேகத்தை நீக்கிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கரகரவென்று வந்து அடங்கினால் செயின் பக்கம் சந்தேகப்படலாம். இந்த இன்ஜினில் செயினை இழுத்துப் பிடிப்பதே ஆயில் பிரஷர்தான். பிரஷர் ஏறும் வரை அது ஆடும். மாறாக, இன்ஜின் சூடாகி ஆயில் இளகிய பிறகு சத்தம் கூடினால் பேரிங் மேல் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது தாளம். ஐடிலில் 800 சுற்று என்றால் க்ராங்க் நொடிக்குச் சுமார் 13 தடவை சுற்றும். வால்வும் இன்ஜெக்டரும் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும். அதாவது ஒரு சிலிண்டரின் வால்வு சத்தமோ இன்ஜெக்டர் சத்தமோ பாதி வேகத்தில் கேட்கும். க்ராங்க் சத்தம் பொதுவாக முழு வேகத்தில் கேட்கும்.

அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி ஓட விட வேண்டும். சத்தம் நின்றால் இன்ஜின் நிரபராதி. நிற்காவிட்டால் ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்க்க வேண்டும். (பழைய பழக்கத்தில் டீசல் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது இங்கே தற்கொலைக்குச் சமம். காமன் ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் பிரஷர் இருக்கிறது, தோலைத் துளைத்துவிடும்.) ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் குறைந்தால் குற்றவாளி அந்த வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் அது இன்ஜெக்டரா, ராட் பேரிங்கா என்று இன்னும் தெரியாது. அந்த இன்ஜெக்டரை வேறு சிலிண்டருக்கு மாற்றி, கோடிங் வேண்டிய இடத்தில் கோடிங்கும் செய்து பார்த்தால், சத்தமும் கூடவே இடம் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக ஆயில் பிரஷர். டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு விளக்கு மீட்டர் இல்லை, வெறும் ஸ்விட்ச். பிரஷர் படுபாதாளத்துக்குப் போன பிறகுதான் எரியும். ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் அளந்து, கம்பெனி மேனுவலில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து உள்ளே பளபளவென்று உலோகத் துகள் இருந்தால், அப்போது சொல்லலாம் "இன்ஜினை இறக்கணும்" என்று. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஷெல் பேரிங் மாற்றி முடிய வேண்டிய வேலை, ஓட்ட ஓட்ட க்ராங்க் வரைக்கும் போய்விடும்.

"முப்பது வருஷ அனுபவம் உள்ள காது பொய் சொல்லுமா?" என்று கேட்பார்கள். சொல்லாது. "ஏதோ கோளாறு" என்று அந்தக் காது சொன்னால் நம்பலாம், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் காது விசாரணையின் ஆரம்பம், முடிவு இல்லை. ஸ்வீடனின் சாப் கம்பெனி 1980களின் தொடக்கத்திலேயே தன் டர்போ பெட்ரோல் கார்களில் இன்ஜின் பிளாக்கில் ஒரு சென்சார் வைத்தது. பெட்ரோல் தப்பாக வெடித்துத் தட்டும் அதிர்வை அது உணர்ந்து டர்போ அழுத்தத்தை உடனே குறைத்தது. அது வேறு வகைத் தட்டல்தான். ஆனாலும் டிரைவரின் காதை நம்பி இன்ஜினை விட முடியாது என்று அவர்கள் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்" என்பவர்கள். அடங்கும்தான். வலி மாத்திரை போட்டால் உடைந்த எலும்பும் வலிக்காது. காலைக் குளிரில் அந்தக் கெட்டி ஆயில் டர்போ வரைக்கும் போய்ச் சேரவே தாமதமாகும். சத்தத்தை இப்படி அமுக்கிவிட்டு வண்டியை விற்பவர்கள் செய்வதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, திருட்டு. வாங்குகிறவன் பெரும்பாலும் முதல் கார் வாங்குகிறவன்.

இவ்வளவும் மெக்கானிக் மேல் மட்டும் போடுகிற பழியா? இல்லை. பாதிப் பழி வண்டிக்காரருக்கு. ரெண்டு மணி நேரம் சோதித்து, "பெரிசா ஒண்ணும் இல்ல சார், ஒரு போல்ட்தான்" என்று சொல்கிற மெக்கானிக்குக் கூலி கேட்க வாய் வராது. கேட்டாலும் "பார்த்ததுக்கு எதுக்குக் காசு?" என்று சண்டை வரும். டர்போவை மாற்றுகிறவருக்கோ கூலியும் கிடைக்கும், உதிரி பாகத்தில் கமிஷனும் கிடைக்கும். கண்டுபிடிப்பவனுக்குக் காசு இல்லை, கழற்றுபவனுக்குத்தான் காசு என்று ஊரே கணக்கு வைத்திருந்தால் எல்லாரும் கழற்றத்தானே செய்வார்கள்? எந்த வியாபாரத்திலும் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும்.

எனவே சோதனைக்குத் தனியாகக் கூலி பேச வேண்டும். ஆயில் பிரஷர் எவ்வளவு, எந்த சிலிண்டரை நிறுத்தியபோது சத்தம் மாறியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். எண் எதுவும் சொல்லாமல் இன்ஜினை இறக்கச் சொல்கிற பட்டறையிலிருந்து, இழுத்துக்கொண்டு போயாவது, வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.