சைக்கிள் விளக்குக்கு எத்தனை வாட் வேண்டும்?

டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சைக்கிளுக்கு ஓர் எல்.இ.டி. விளக்கைத் தாமே செய்ய நினைப்பவர்களும் இருக்கலாம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கடையில் போய், "இருப்பதிலேயே பெரிய வாட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு வாட் போதும் என்பது என் கருத்து.

பழைய டைனமோ விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பல்பு 2.4 வாட். வாங்கிய மின்னாற்றலில் பெரும்பகுதியை அதன் டங்ஸ்டன் இழை வெப்பமாகவே செலவழித்துவிடும். இன்றைய நல்ல ஒரு வாட் எல்.இ.டி. சுமார் 100 லூமென் ஒளி தருகிறது. அந்தப் பல்பு இதில் பாதிகூடத் தந்ததில்லை. அதை வைத்துக்கொண்டுதான் உங்கள் தாத்தா ஊர் ஊராகப் போய் வந்தார்.

10 வாட் போட்டால் பத்து மடங்கு தூரம் தெரியாதா? தெரியாது. ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது அல்லவா? பத்து மடங்கு ஒளிக்குக் கிடைப்பது மூன்று மடங்குத் தொலைவுதான்.

அதற்கு விலை கொடுப்பவர் எதிரே நடந்து வருகிறவர். இருளுக்குப் பழகிய கண் ஒரு நொடி கூசினால், பழையபடி முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். நீங்கள் கடந்து போனபின் சாலையோரப் பள்ளம் அவருக்குத் தெரியாது. முன்பெல்லாம் லாரி, பஸ் முகப்பு விளக்குகளின் மேற்பகுதியில் கறுப்புச் சாயம் பூசியது இந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கும் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்று விதியே இருக்கிறது.

எல்.இ.டி. சுடாது என்பதும் பாதி உண்மைதான். அதன் ஒளிக்கற்றையில் வெப்பம் மிகக் குறைவு. ஆனால் முதுகு நன்றாகச் சுடும். கொடுத்த மின்னாற்றலில் பாதிக்கு மேல் அங்கே வெப்பமாகிறது. ஒரு வாட்டுக்கு உள்ளங்கையளவு அலுமினியத் தகடு போதும். 10 வாட்டுக்கு விசிறிபோல் மடிப்புகள் கொண்ட கனமான அலுமினியக் கட்டி வேண்டும். அதை ஹேண்டில்பாரில் எங்கே தொங்கவிடுவது?

மின்கலத்தோடு எல்.இ.டி.யை நேராக இணைக்காதீர்கள். சூடேறினால் அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும், மேலும் சூடேறும், கடைசியில் கருகும். இடையில் ஒரு மின்தடை வேண்டும். மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மின்கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 4.8 வோல்ட். எல்.இ.டி. சுமார் 3.1 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.7 வோல்ட். 6.8 ஓம் மின்தடை போட்டால் கால் ஆம்பியர் ஓடும். மின்தடை 2 வாட் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். 2000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் ஏறத்தாழ எட்டு மணி நேரம் எரியும். பழைய செல்போனைப் பிரித்து லித்தியம் பேட்டரியை எடுக்கும் வேலை வேண்டாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீப்பற்றும்.

மிச்சப்படும் காசில் 10 பாகை லென்ஸ் ஒன்று வாங்குங்கள். விளக்கின் மேல்புறம் ஒரு தகரத் தொப்பியும் வையுங்கள். இரவில் சைக்கிளைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்திப் பாருங்கள். விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளிவட்டத்தின் நடு அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது சாலையில் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் படும். வட்டத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைத் தாண்டினால், திருகைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் கீழே சாயுங்கள்.