தந்திரத்துக்கும் தருமம் உண்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில், கோடை விடுமுறை கழிந்த நாள் முதல் இலையுதிர்காலம் முடியும் வரை, வெள்ளிக்கிழமை இரவுதோறும் ஆடப்படும் அந்நாட்டுக் கால்பந்தைப் பற்றி நம்மவர் நினைக்கும்போது, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த வாலிபர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழும் முரட்டு ஆட்டம் என்ற எண்ணமே முதலில் தோன்றுகிறது. முரட்டுத்தனம் அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும், அதைச் சிறிது காலம் ஊன்றிக் கவனித்தவர்களுக்கு, அதன் ஜீவன் மோதலில் மட்டுமன்றி, எதிரியின் கண்ணை ஒரு கணம் மயக்கும் யுக்தியிலும் உறைகிறது என்பது புலப்படும். அந்த யுக்திகளில் பெரும்பாலானவற்றை நான் மனமார நேசிக்கிறேன். சிலவற்றைப் பள்ளி மைதானத்தின் பக்கமே வரவிடலாகாது என்றும் கருதுகிறேன்.

நாம் ஆடும் கால்பந்தைப் போல இடையறாது ஓடும் ஆட்டமன்று அது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள்; அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் 4; இல்லையேல் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்ப்பும் முடிந்தவுடன் ஆட்டம் நிற்க, 11 பேரும் கூடி, அடுத்தாற்போல் யார் எத்திசையில் ஓடுவது என்று நிச்சயித்துக்கொண்டு கோட்டில் வந்து நிற்பார்கள். நடுவே குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்கு அனுப்ப, குவார்ட்டர்பேக் அதை வாங்கியதும் மறுபடி களம் கலங்கும். எல்லாம் முன்கூட்டி வகுத்த திட்டப்படி நடப்பதால் எதிரணியின் பாதி வேலை ஊகத்தில் அடங்கிவிடுகிறது. ஊகம் உள்ள இடத்தில் அதைத் தவறச் செய்யும் கலையும் பிறக்கத்தானே செய்யும்?

அக்கலையின் மிக அழகிய வடிவமாக நான் எண்ணுவது, ‘சுதந்திர தேவி சிலை’ என்று பெயர் பெற்ற பழைய யுக்தியை. பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக் நாலடி பின்வாங்கி, நெடுந்தூரம் எறியப் போகிறவனைப் போல வலக்கையைக் காதுக்கு மேலே உயர்த்துகிறான். அவன் கண்ணும் தோளும் மைதானத்தின் கோடியை நோக்குகின்றன. அந்தக் கை எப்போது முன்னே வரும் என்று எதிரணியார் அனைவரும் அதையே பார்த்துப் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறார்கள். பந்தோ அவனுடைய இடக்கையில், இடுப்புக்குப் பின்னே காத்திருக்கிறது. முதுகுப்புறமாக வரும் தோழன் ஒருவன் வேகம் குறையாமலே அதைப் பற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விட, உயர்ந்து நின்றது வெறுங்கை என்று எதிரிகள் உணர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. 2007-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடந்த ஃபியஸ்டா பௌல் போட்டியில், பாய்சி ஸ்டேட் என்னும் அதிகப் பெயரில்லாத பல்கலைக்கழகம், பெரும் புகழ் படைத்த ஓக்லஹோமாவைக் கூடுதல் ஆட்டத்தில் 43-42 என்று வீழ்த்தியது இதே யுக்தியால்தான்.

பல்கலைக்கழகங்களிடமிருந்து பள்ளிகள் கற்றுக்கொண்டன என்றே பொதுவாகச் சொல்வார்கள். மறுதிசையில் சென்றவையும் உண்டு. ‘ஃப்ளீ ஃப்ளிக்கர்’ என்று இன்று தொழில்முறை அணிகளும் ஆடுகிற யுக்தியை, இல்லினாய் மாநிலத்து ஓக் பார்க் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்த பாப் சப்கே 1910-இல் தம் மாணாக்கருக்கு முதலில் கற்பித்ததாகக் கூறினார்; பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அதையும் உடன் கொண்டுபோனார். அதன் இன்றைய உருவில், பந்தை வாங்கி முன்வரிசையை நோக்கி ஓடுகிறவன் திடீரென்று நின்று, அதைக் குவார்ட்டர்பேக்கிடமே திருப்பி வீசுவான். ஓடுகிறவனைப் பிடிக்க எதிரணியார் நெருங்கி வந்திருக்க, அவர்கள் தலைக்குமேல் பந்து பறக்கும்.

பள்ளிகளுக்கு இந்த யுக்திகள் எதனால் இவ்வளவு பிரியமாயின? தொழில்முறை அணி பணம் கொடுத்து வீரனைத் தேடிக்கொள்ளும். பல்கலைக்கழகம் கல்வி உதவி தந்து அழைத்துக்கொள்ளும். ஊர்ப் பள்ளிக்கோ, அவ்வாண்டு அவ்வூரில் வளர்ந்து நிற்கும் பையன்களே அணி. அடுத்த ஊர்ப் பள்ளியில் ஆளுக்கு இருபது கிலோ எடை கூடுதலாக இருந்துவிட்டால், நேருக்கு நேர் மோதி ஜெயிப்போம் என்று சொல்வது அந்தப் பையன்களை அடிபட அனுப்புவதாகவே முடியும். உடல் பலத்தில் குறைந்தவனுக்கு அறிவின் பலத்தையும் நடிப்பின் பலத்தையும் தருகிற பயிற்சியாளரை, ஆட்டத்தின் கண்ணியத்தைக் கெடுப்பவர் என்று சிலர் பழிக்கும்போது எனக்குச் சினம் உண்டாகிறது.

இதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. பென்சில்வேனியாவில் 1879-இல் அரசாங்கம் நிறுவிய கார்லைல் பள்ளி, பழங்குடி மக்களின் பிள்ளைகளைத் தாய்மொழியினின்றும் குல வழக்கத்தினின்றும் பிரித்து, வெள்ளையரைப் போல ஆக்குவதற்கென்றே ஏற்பட்ட விடுதிப்பள்ளி. அப்பள்ளியின் அணி 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி, செல்வச் செழிப்பிலும் உடற்கட்டிலும் தன்னைவிட மிகுந்த ஹார்வர்டை எதிர்த்தது. பிற்பாதி தொடங்கும் உதையில் வந்த பந்தைப் பிடித்ததும் கார்லைல் வீரர்கள் நெருக்கமாகக் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள், சார்லஸ் டில்லன் என்பவருடைய சட்டையின் முதுகுப்புறம், அதற்கென்றே எலாஸ்டிக் வைத்துத் தைக்கப்பட்டிருந்த இடத்தில் பந்து சொருகப்பட்டது. பின்பு அனைவரும் நாலா திசையிலும் சிதறினார்கள். இரு கைகளையும் வெறுமனே வீசிக்கொண்டு ஓடிய டில்லனை, பந்தில்லாதவர் என்று ஹார்வர்டார் விட்டுவிட்டார்கள். அவர் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. இறுதியில் ஹார்வர்டு 12-11 என்று வென்றதாயினும், இன்றளவும் பேசப்படுவது அந்த ஓட்டமே. பந்தைச் சட்டைக்குள் ஒளிப்பது பிற்காலத்தில் தடைசெய்யப்பட்டது, அது நியாயந்தான்.

இனி, நான் வெறுப்பவற்றுக்கு வருகிறேன். 2010-ஆம் ஆண்டு நவம்பரில், டெக்சஸ் மாநிலத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்று ஆடிய யுக்தி உலகெங்கும் கண்டு களிக்கப்பட்டது. எதிரணிக்கு 5 கெஜம் தண்டனை விதித்திருக்க வேண்டுமென்று ஓரத்திலிருந்து பயிற்சியாளரின் குரல் வருகிறது. சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே அனுப்பாமல், தோளுக்கு மேலாகச் சாவதானமாகக் குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்கிறான். அவன் அந்த 5 கெஜத்தைத் தானே அளக்கப் போகிறவனைப் போல எதிரணியின் நடுவே நடந்து செல்கிறான். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று நம்பிய சிறுவர்கள் வழிவிட்டு நிற்க, அவர்களைத் தாண்டியதும் ஓட்டம் பிடிக்கிறான். பார்த்தவர் எல்லாம் கைகொட்டிச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் இங்கே ஏமாந்தது சிறுவர்களின் கண்ணன்று. பெரியவர்கள் ஆட்டத்தை ஒழுங்காக நடத்துவார்கள் என்ற அவர்களுடைய விசுவாசம். பாரதப் போரில் துரோணர் வில்லைக் கீழே வைத்தது எவருடைய அம்புக்கும் அஞ்சியன்று. தருமன் வாயிலிருந்து பொய் வராது என்று நம்பியதனால்தான். சுதந்திர தேவி யுக்தியில் தோற்ற பையன் அடுத்த முறை இன்னும் கூர்ந்து பார்ப்பான். கார்ப்பஸ் கிறிஸ்டியில் தோற்ற பையனோ, அடுத்த முறை பெரியவர் ஒருவர் நிறுத்து என்று சொன்னால் நிற்கத் தயங்குவான். எதையும் நம்பாத எச்சரிக்கையே உலகில் பிழைக்கும் வழி, அதையும் மைதானம் கற்பிக்கட்டுமே என்பவர்கள் உண்டு. அந்தப் பாடத்தை வாழ்க்கை தாராளமாகவே கற்பிக்கிறது. பள்ளிக்கூடம் வேறு கற்பிக்க வேண்டியதில்லை.

மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு இவ்விஷயத்தில் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பந்தை உதைக்கப் போகிறவன், அதை நிறுத்திவைக்கும் தாங்கி எங்கே என்று கூவ, தோழன் எடுத்துவருவதாகச் சொல்லி ஓரத்துக்கு ஓட, அவனுக்கே பந்து எறியப்படுமானால் அது விளையாட்டுப் பண்புக்கு மாறான குற்றம். விசித்திர அணிவகுப்பும் மாறாட்டமும் ஆட்டத்துக்கு உரியவையே. ஏதோ கோளாறு நேர்ந்துவிட்டது, ஆட்டம் தொடங்காது என்று எதிரியை நம்பவைப்பது உரியதன்று. நேர்மையான பயிற்சியாளர்கள், அவசரப்பட்டு விசில் ஊதிவிடாதிருக்கும்பொருட்டுத் தம் யுக்திகளை ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் சொல்லிவைப்பதும் அங்கே வழக்கம்.

ஆனால் அக்கூட்டமைப்பு தடைசெய்த அனைத்தையும் நான் ஒப்பவில்லை. கலிபோர்னியாவின் பீட்மண்ட் உயர்நிலைப் பள்ளியில் கர்ட் பிரையன், ஸ்டீவ் ஹம்ஃப்ரீஸ் என்ற இருவர் 2007-இல் ‘ஏ-11’ முறையை அமைத்தார்கள். முன்வரிசையில் குறைந்தது ஐவர், பந்தைப் பிடிக்க உரிமையில்லாதவர் என்று காட்டும் 50 முதல் 79 வரையிலான எண்களை அணிய வேண்டும் என்பது பொதுவிதி. பந்தை உதைக்கும் அணிவகுப்புக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்கைப் பற்றிக்கொண்டு, எவன் பந்தைப் பிடிக்கப் போகிறான் என்று எண்ணைக் கொண்டு அறியவொண்ணாதபடி அவர்கள் செய்தார்கள். பெரிய பள்ளிகளோடு மோதிய சிறிய பள்ளியின் கண்டுபிடிப்பு அது; அதில் பொய் ஒன்றும் இல்லை, எதிரணியார் சிந்திக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. 2009-இல் விலக்கு சுருக்கப்பட்டு அம்முறை முடிந்தது. இன்னும் இரண்டொரு ஆண்டு பொறுத்திருந்தால் எதிரணிகளே அதற்கு மாற்றுக் கண்டிருக்கும் என்பது என் துணிபு.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, 2006-இல் பள்ளிகளில் தடைசெய்யப்பட்ட ‘ஃபம்பிளரூஸ்கி’. குவார்ட்டர்பேக்கின் கையில் பட்ட பந்து வேண்டுமென்றே தரையில் விடப்பட, எல்லோரும் ஒரு பக்கமாக ஓட, முன்வரிசையின் பருத்த வீரன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு மறுபக்கம் செல்வான். 1984 ஜனவரியில் ஆரஞ்ச் பௌல் போட்டியில் நெப்ராஸ்காவின் டீன் ஸ்டைன்கூலர் இவ்வாறே 19 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார். குவியலுக்குள் கிடக்கும் பந்தை நடுவர் காண்பது அரிது என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆயினும், நான்கு ஆண்டுகள் பிறருக்கு வழி திறப்பதற்காகவே மோதி மோதி, ஒரு நாளும் பந்தை ஏந்தி ஓடாமலே பள்ளியை விட்டுப் போகிறவர்கள் முன்வரிசைப் பையன்கள்; அவர்கள் கைக்குப் பந்து வர இருந்த அரிய வழிகளில் ஒன்று அது. முன்னதாக நடுவரிடம் அறிவித்தாக வேண்டும், ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் என்ற நிபந்தனைகளோடு, கூட்டமைப்பு அதைப் பள்ளிகளுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும்.