சவேயாவை விடுத்து பாரெட்: நியூசிலாந்து ரக்பி ரசிகர்களிடையே விவாதம்

நியூசிலாந்து ரக்பி அணியின் கேப்டனாக ஸ்காட் பாரெட்டை அப்போதைய புதிய பயிற்சியாளர் ஸ்காட் ராபர்ட்சன் 2024-ஆம் ஆண்டில் நியமித்தது ரசிகர்களை இரு அணிகளாகப் பிரித்தது. 2023-ஆம் ஆண்டின் உலகச் சிறந்த வீரரான ஆர்டி சவேயாவுக்குத் துணைக் கேப்டன் பொறுப்பே கிடைத்தது.

உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் சாம் கேனுக்குப் பதிலாகத் தலைமை வகித்தவர் சவேயா என்பது ஒரு தரப்பின் வாதமாக இருந்தது. க்ரூசேடர்ஸ் அணியில் ராபர்ட்சனின் கீழ் கேப்டனாக இருந்த பாரெட்டுக்கு அவரது ஆட்டமுறை நன்கு தெரியும் என்றது மறுதரப்பு.

ஆனால், கேன் சிவப்பு அட்டை பெற்ற இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து 11-12 எனத் தோற்றது. பாரெட்டும் 2019, 2023-ஆம் ஆண்டுகளில் டெஸ்ட் ஆட்டங்களில் சிவப்பு அட்டை பெற்றவர். எனவே, களத்தில் அவர் காட்டும் நிதானமே இத்தேர்வுக்கான உரைகல்லாகக் கருதப்பட்டது. 2024 ஜூலையில் இங்கிலாந்துடனான இரு டெஸ்ட் ஆட்டங்கள் முதல் விடையைத் தருவதாக இருந்தன.