குழாய் வளைத்தால் கூண்டாகிவிடுமா?

ஜீப்பில் குழாயை வளைத்துப் பாதுகாப்புக் கூண்டாக வெல்டிங் வைத்துவிட்டால், கச்சிராயபாளையம்–வெள்ளிமலை மலை ரோட்டில் கவிழ்ந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் என்கிறார்கள். மண்பாதைப் பந்தய வண்டிகளைப் பார்த்து வந்த நம்பிக்கை. அதற்கு மூன்று கேள்விகள்.

ஒன்று: எந்தக் குழாய்? சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி கூண்டின் முதன்மை வளைவுக்குக் கேட்பது சீம்லெஸ் (ஒட்டில்லாத) எஃகு, 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், இல்லையேல் 50-க்கு 2. தண்ணீர்க் குழாய்க்கு அந்த வேலையை யார் கொடுத்தது?

இரண்டு: கூண்டின் கால் எதில் நிற்கிறது? துருவேறிய தரைத் தகட்டிலா? வண்டி உருண்டால், குழாய் வளையும் முன்பே தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும். காலுக்கு அடியில் 120 சதுர செ.மீ. வலுவூட்டுத் தகட்டை அதே விதி கேட்பது அதற்குத்தான்.

மூன்று: பந்தய ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு, சீட்டோடு பெல்ட்டால் இறுகக் கட்டுண்டிருப்பார். பெல்ட் போடாதவரின் மண்டைக்கு அதே குழாய்தான் முதல் எதிரி. பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கி வருகிறவர்களை இந்தக் கூண்டு எந்தக் கணக்கில் சேர்க்கிறது?