டயர் வெடித்ததற்கு ஆண்டவன் என்ன செய்வார்?

விபத்துச் செய்தி என்றால் நம் பத்திரிகைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. கார் வேகமாக வந்துகொண்டிருக்கும், "திடீரென" டயர் வெடிக்கும், கட்டுப்பாட்டை இழக்கும். அதற்குப் பிறகு தடுப்புச்சுவர், எதிர்த்திசை லாரி, அரசு மருத்துவமனை. இந்த வார்ப்பில் உள்ள பெரிய பொய் அந்த "திடீரென" தான். பெரும்பாலான டயர்கள் திடீரென வெடிப்பதில்லை. பல வாரங்களாக, சில சமயம் பல மாதங்களாக, வெடிப்பதற்குத் தயாராகிக்கொண்டே இருக்கின்றன. பார்க்கத்தான் ஆளில்லை.

2010-ல் புனேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு காரின் டயர் வெடித்து, காரில் இருந்த ஒருவர் இறந்துபோனார். இழப்பீடு கொடுக்கச் சொன்னபோது காப்பீட்டு நிறுவனம் ஒரு வாதத்தை வைத்தது: டயர் வெடித்தது கடவுளின் செயல், யாரும் பொறுப்பல்ல! வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2023-ல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கடவுளின் செயல் என்பது மனிதன் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றம். டயர் வெடிப்பு அப்படியல்ல, அது மனிதனின் அலட்சியம். புறப்படும் முன் டயரைப் பார்க்க வேண்டியது ஓட்டுபவரின் கடமை என்பது தீர்ப்பின் சாரம். காற்று குறைவாக இருப்பது, அதிகமாக இருப்பது, பழைய டயர், அதிவேகம் என்று காரணங்களையும் சொன்னது.

நீதிபதிக்குப் புரிந்தது நம் ஊர் 'அனுபவசாலிகளுக்கு' மட்டும் புரியவில்லை. ஏப்ரல், மே மாதம் வந்தால் போதும். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் இடத்தில் யாராவது ஒரு பெரியவர் சொல்வார்: "வெயில் காலம் தம்பி, ரெண்டு மூணு பாயிண்ட் கம்மியாவே அடி. இல்லேன்னா சூட்டுல காத்து விரிஞ்சு வெடிச்சிரும்." கேட்க அறிவியல் மாதிரியே இருக்கிறது. பலூனை வெயிலில் வைத்தால் வெடிக்கிறதே! ஆனால் டயர் பலூன் அல்ல. இந்த ஒரு அறிவுரை எத்தனை குடும்பங்களை நான்குவழிச் சாலையில் காவு வாங்கியிருக்கும் என்று கணக்கெடுக்க யாரும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். காலை 25 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. காற்று உள்ள டயர், ஓடி ஓடி 55 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் சுமார் 38 ஆகும். அவ்வளவுதான். அந்த டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அழுத்தம் என்று பொதுவாக 44 அல்லது 51 என அச்சிட்டிருப்பார்கள். அதுவும் வெடிக்கும் எல்லை அல்ல. நல்ல டயர் அதற்கு மேலும் தாங்கும். ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பது தெரிந்துதான் கார் நிறுவனம் அந்த 33-ஐயே கொடுத்திருக்கிறது.

உண்மையான வில்லன் எதிர்ப்பக்கம் இருக்கிறான். காற்று குறைந்த டயர் தரையில் அழுந்தும் இடத்தில் பிதுங்கும், மேலே போனதும் நிமிரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண கார் டயர் நொடிக்கு 14 தடவை சுற்றுகிறது. நொடிக்கு 14 பிதுங்கல்! ஒரு இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுட்டு, கடைசியில் ஒடிந்துவிடும் அல்லவா, அதே கதைதான். உள்ளே இருக்கும் எஃகு இழை அடுக்குக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு சூட்டில் விட்டுப்போகிறது. அடுக்கு பிரிகிறது. பிறகுதான் அந்த "திடீரென". வெயில் காலத்தில் காற்றைக் குறைப்பவர், சூட்டுக்குப் பயந்து இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கிறார்.

இதைவிட மோசமான இன்னொரு வழக்கம் உண்டு. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வழியில் டீக்கடையில் நிறுத்துவார்கள். தொட்டுப் பார்த்தால் டயர் சுடும், மானியில் 38 காட்டும். "ஐயோ அதிகம்" என்று 33-க்கு இறக்குவார்கள். அந்த டயர் இரவில் ஆறினால் மறுநாள் காலை 28 அல்லது 29 தான் இருக்கும். அதன் மேல் ஐந்து பேரும் சாமான்களும் ஏறி ஊர் திரும்புவார்கள். சூடான டயரிலிருந்து காற்றை எடுக்கவே கூடாது. அளப்பது என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, அல்லது ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பங்கில்.

வெயில், குறைந்த காற்று, அதிக சுமை, வேகம் நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்கா ஏற்கெனவே ரத்தத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் அடுக்கு பிரிந்து, வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். 270-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். டயரிலேயே குறை இருந்தது என்று அரசு அமைப்பு கண்டது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஃபோர்டு அந்த வண்டிக்குப் பரிந்துரைத்திருந்த அழுத்தம் வெறும் 26 என்பதும், விபத்துகள் டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் குவிந்தன என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். (இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டது தனிக் கூத்து.) அதன் விளைவாக வந்த சட்டத்தால்தான் 2007 செப்டம்பரிலிருந்து அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. அந்த விதிப்படி விளக்கு 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். அதாவது 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 ஆகும் வரை அது சும்மா இருக்கலாம். "விளக்கு எரியலையே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

சரியான எண் எங்கே இருக்கிறது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில். வண்டி வாங்கிப் பத்து வருடம் ஆகியும் அந்த ஸ்டிக்கரைப் படிக்காதவர்கள் ஏராளம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பல கார்களில் முழுச் சுமைக்குத் தனியாக ஒன்று என்று தெளிவாகப் போட்டிருக்கும். டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு; டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிப்பு குறையும்.

டயரில் படிக்க வேண்டியது வேறு. 185/65 R15 88H என்று இருந்தால் அகலம் 185 மில்லிமீட்டர், உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். இதை எல்லாரும் பார்ப்பார்கள். கடைசியில் இருக்கும் 88H-ஐத்தான் யாரும் பார்ப்பதில்லை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. S என்றால் 180. இதெல்லாம் சரியான காற்று இருந்தால் மட்டும்! காற்று குறைந்தால் அந்த 560-உம் இல்லை, 210-உம் இல்லை. டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-வது வாரம் பிறந்த டயர். ரப்பருக்கும் வயதாகும். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவது வீரம் இல்லை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது.

இந்த அறியாமைக்கு நடுவில் ஒரு வியாபாரம் ஜோராக நடக்கிறது: நைட்ரஜன். "சூடாகாது சார், விரியாது சார், வெடிக்காது சார்." நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் காற்று எவ்வளவு விரியுமோ, நைட்ரஜனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் விரியும். கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, விமானத்துக்கு அது முக்கியம். காருக்கு? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 வகை டயர்களை ஒரு வருடம் சும்மா வைத்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டது. காற்று அடைத்தவை சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்தன, நைட்ரஜன் அடைத்தவை 2.2. வருடத்துக்கு 1.3 மிச்சம்! ஆனாலும் 2019-ல் மத்திய அமைச்சரே நைட்ரஜனைக் கட்டாயமாக்க யோசிப்பதாக மாநிலங்களவையில் சொன்னார். நைட்ரஜன் போட்டவர் பிறகு மாதக்கணக்கில் டயர் பக்கமே திரும்புவதில்லை, அதுதான் அதன் பெரிய ஆபத்து.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. மெஷின் ரிப்பேர் என்று பலகை தொங்கினால் புகார்ப் புத்தகம் கேட்கலாம். அதுவும் பங்கில் இருந்தாக வேண்டும். அங்கே இருக்கும் மானி எத்தனை முறை கீழே விழுந்ததோ யாருக்குத் தெரியும்... சொந்தமாக ஒரு மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதம் ஒரு முறை, நீண்ட பயணத்துக்கு முன் ஒரு முறை, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர், மொத்தம் பத்து நிமிடம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.