வீட்டுக் கைவேலை: தண்டவாளம் துலக்கும் வண்டி

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பிய அன்பர் இல்லங்களில், கட்டிலின் அடியில் கிடந்த பொம்மை ரயிலைப் பிள்ளைகள் வெளியே எடுத்திருப்பார்கள். நம் வீட்டிலும் எடுத்தார்கள். வண்டி ஒரு சாண் ஓடி நின்றது. தள்ளினால் நகர்ந்து மீண்டும் நின்றது. "இஞ்சின் செத்துப் போச்சு" என்று பையன் கண் கலங்கினான். புதிது வாங்க நாமும் பணத்தை எண்ணலானோம்.

குற்றம் இஞ்சினுடையதன்று. இவ்வண்டிகள் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட்டு மின்சாரம் தண்டவாளங்களின் வழியே சக்கரங்களுக்கு ஏறுகிறது. புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் அதற்கு வழி அடைபடுகிறது.

முதலில் நாம் உப்புத்தாளால் தேய்த்துப் பிழை செய்தோம். அது உண்டாக்கிய கீறல்களில் அழுக்கு முன்னிலும் விரைவாகக் குடியேறிற்று. பாத்திரம் துலக்கும் இரும்பு நாரும் ஆகாது. அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

செலவில்லாத வழி இது. பழைய படச்சட்டத்தின் பின்னாலுள்ள ஹார்டுபோர்டில் 5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு நறுக்குக. 16.5 மி.மீ. அகலப் பாதைக்கு இது போதும். இணைப்புகளில் தட்டாதிருக்க முன், பின் விளிம்புகளின் அடிப்புறத்தைச் சரிவாகத் தேய்க்க. மூடிய சரக்கு வண்டியொன்றின் அடித்தட்டில், நடுக்கோட்டில், 3 செ.மீ. இடைவிட்டு இரு துளைகள் இடுக. அதே இடைவெளியில், துண்டின் வழவழப்பான பக்கத்தில் இரண்டு சிற்றாணிகளைத் தலைகீழாக நிறுத்தி அரால்டைட்டால் ஒட்டி, ஓர் இரவு உலரவிடுக. ஆணிகளைத் துளைகளில் தளர்வாகச் செருகினால், சொரசொரப்பான பக்கம் தன் கனத்தாலேயே தண்டவாளத்தின்மேல் படியும். ஆணிகள் மேலும் கீழும் தடையின்றி அசைய வேண்டும்.

பாதை மிகவும் கறுத்திருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் முதலில் பெரியவர்களே துடைக்க. அருகில் நெருப்பு ஆகாது. நன்கு உலர்ந்தபின் இவ்வண்டியை இஞ்சினுக்குப் பின்னே கோத்து ஓட்டுக. பலகை கறுத்ததும் அதைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கலாம். உப்புத்தாளுக்கு உரிய இடம் அதுவே.

கறுத்த பலகையைக் காட்டி, "இவ்வளவு அழுக்கா!" என்று பையன் வியக்கிறான். புது இஞ்சினுக்கு எண்ணிய பணம் பெட்டியிலேயே இருக்கிறது. செத்தது என்று ஒதுக்குமுன், ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.